நூற்றுப் பதினேழாவது படி

அத்தியாயம் 7

"நாற்பதுக்கு நாற்பது!"

கிளிஃபர்ட் ஓல்ட்ராய்ட் மேசையில் குத்திய குத்தில் என் டீ பாதி தட்டுக்கு வந்துவிட்டது.

"பதினோரு வருஷமா கடைசியில வர்ற டீம், எனிட்! 'மூளைக்கு லீவு'ன்னு அவங்களே பேர் வெச்சுக்கிட்ட டீம்! போன செவ்வாய்க்கிழமை என் குவிஸ்ல நாற்பதுக்கு நாற்பது! என் கேள்வி அட்டையைத் திருடாம இது எப்படி நடக்கும்?"

எனிட் தாக்ரே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் யார்க்‌ஷயர் ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவன் எந்தப் பையில் கையை விடுவான் என்பதை அவன் கை கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு ஸ்கெல்பெக் ஊரின் சில்லறை மர்மங்கள் எல்லாம் இவருடைய அடுப்படிக்கு வந்துதான் தீரும்.

நான் நெவில் சக்டன். ஜன்னல் துடைப்பவன். ஊரின் எல்லா ஜன்னலும் எனக்கு அத்துப்படி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடப்பதும் அத்துப்படி. போலீஸ் இதற்கு வேறு பெயர் சொல்லும். எனிட் 'உதவியாளர்' என்கிறார்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் எனிட்.

"சந்தேகம் என்ன சந்தேகம்? அந்த டீம் கேப்டன் கிளெனிஸ் கிளெக்தான். ஸ்கூல்ல மதியச் சாப்பாடு பரிமாறுறவ. என் அட்டையெல்லாம் பப்ல பியானோ ஸ்டூலோட பெட்டிக்குள்ள பூட்டியிருக்கும். அவ அதைத் திறந்திருக்கா. எப்படின்னு நீ கண்டுபிடிக்கணும். இன்னிக்கு மூணு மணிக்கு எல்லா கேப்டனும் கூடுறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவளுக்கு ஆயுள் தடை."

"சாவி?"

கிளிஃபர்ட் சட்டைக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை உருவிக் காட்டினார். இருபத்திரண்டு வருஷமாக 'நனைந்த முயல்' பப்பில் மைக் பிடிக்கும் மனிதர், சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அவர் காலடியில் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு துணிமூட்டை.

"வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றேன்.

"வாஷிங் மிஷின் செத்து மூணு வாரம் ஆச்சு. மில் லேன் லாண்டரியில போட்டுட்டு ஒரு மணிக்கு எடுக்கணும். உனக்கு என்ன, வருஷம் முழுக்க அதே சட்டை."

"இது வேற சட்டை. கறைதான் அதே கறை."

எனிட் ரொட்டியைக் கடித்தார். "மூணு மணிக்கு வர்றேன், கிளிஃபர்ட். ஆனா யார் தலை உருளும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

* * *

காலை பதினொரு மணிக்கு 'நனைந்த முயல்' பப்பில் நேற்றைய பியர் வாடையும் இன்றைய இறைச்சி வாடையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. உரிமையாளர் பெவ் எங்களைப் பார்த்ததும் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள்.

"வா கண்ணு. இந்தச் சனியனை இன்னிக்கே முடிச்சு விடு. இல்லேன்னா செவ்வாய்க்கிழமை குவிஸை நிறுத்திட்டு கரோக்கே வெச்சிடுவேன்."

"மிரட்டாதே பெவ்," என்றேன். "நீ பாடுறதை நான் கேட்டிருக்கேன்."

எனிட் பியானோ ஸ்டூலின் முன் மண்டியிட்டுப் பூட்டை மூக்கால் தொடுகிற தூரத்தில் பார்த்தார். கீறல் இல்லை. நெம்பிய தடம் இல்லை. மூலைகளில் தூசிகூடக் கலையவில்லை.

"இதை யாரும் தொடலை," என்றார்.

"அப்போ எப்படி?" பின்னாலிருந்து ஓர் ஆள் கத்தினான். பேசில் ஹெய். தேவாலயத்தில் மணியடிப்பவர்களின் தலைவன். அவனுடைய 'கயிறு இழுப்போர் சங்கம்'தான் இந்தப் பப்பின் நிரந்தர சாம்பியன். போன செவ்வாய் அவர்கள் எடுத்தது முப்பத்தொன்பது. ஒரே ஒரு மார்க்கில் கோப்பை கைமாறியதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"எந்தக் கேள்வி உனக்குத் தப்பாச்சு?" என்று கேட்டார் எனிட்.

"தப்பா? எனக்கா?" பேசிலின் கழுத்து சிவந்தது. "ஒன்பதாவது கேள்வி. 'நம்ம தேவாலய மணிக்கூண்டுக்கு எத்தனை படி?' பத்து வருஷமா ஞாயிறு தவறாம ஏறுறேன் எனிட்! நூத்திப் பதினாலு! என் முட்டியைக் கேளு, அதுவும் நூத்திப் பதினாலுன்னுதான் சொல்லும். கிளிஃபர்ட் அட்டையில நூத்திப் பதினேழு. நான் எந்திரிச்சுக் கத்தினேன். அவர் சுவத்தைக் காட்டுறார்."

சுவரைப் பார்த்தேன். பழைய சட்டம் போட்ட அட்டை: குவிஸ் மாஸ்டர் சொல்வதே முடிவு. அவர் தப்பாகச் சொன்னாலும். அந்த இரண்டாவது வரியைப் பின்னால் யாரோ பேனாவில் சேர்த்திருந்தார்கள். அதையும் கண்ணாடிக்குள் வைத்து மாட்டியிருந்தார்கள்.

"நம்ம வழக்கப்படி பேப்பரை மாத்திக்கிட்டுத் திருத்தினோமா? கிளெனிஸ் பேப்பர் என் கைக்குத்தான் வந்துது. நூத்திப் பதினேழுன்னு எழுதியிருந்தா. மணிக்கூண்டுப் பக்கமே வராதவ! என் கையாலேயே டிக் போட்டேன்," என்றான் பேசில். அந்தக் கையை நீட்டிக் காட்டினான்.

"பாவம்," என்றேன். "கைக்குக் கட்டுப் போடலையா?"

பெவ் கணப்பு மூட்டுவதற்காகப் பழைய விடைத்தாள்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். எனிட் அதைக் கவிழ்த்து, 'மூளைக்கு லீவு' தாள்களை மட்டும் பொறுக்கி மேசையில் பரப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தெரியுது நெவ்?"

"கையெழுத்து கேவலமா இருக்கு."

"இரண்டு கையெழுத்து. உருண்டையா, அழகா ஒண்ணு. அதை அடிச்சிட்டு மேல கோணல்மாணலா இன்னொண்ணு."

"கோணல் அவ புருஷன் ரான்," என்றாள் பெவ். "எப்பவும் அவன்தான் பேனா பிடிப்பான். கிளெனிஸ் மெதுவா ஏதோ எழுதுவா. அவன் 'அதெல்லாம் இல்ல'ன்னு அடிச்சிட்டு வேற எழுதுவான். போன வாரம் கால்வீக்கத்துல வீட்டுல கிடந்தான்."

எனிட் விரலால் ஒவ்வொரு தாளாகத் தட்டினார். அடிக்கப்பட்ட உருண்டை எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்ற கேள்விக்கு கிளெனிஸ் 'ஏழு' என்று சரியாக எழுதியிருந்தாள். ரான் அதை அடித்துவிட்டு 'இருநூறு' என்று போட்டிருந்தான். தாளுக்குத் தாள் இதே கதை. அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வருஷமாகத் தெரிந்திருந்தது.

"இப்ப போன செவ்வாய் தாள்," என்றார் எனிட். முழுக்க உருண்டை எழுத்து. ஒன்பதாவது கேள்விக்கு முதலில் 114 என்று எழுதியிருந்தாள். அதை அவளே அடித்துவிட்டு 117 என்று எழுதியிருந்தாள்.

"பார்த்தியா!" பேசில் குதித்தான். "திருடின பதில் ஞாபகம் வந்து மாத்தியிருக்கா!"

எனிட் தாளை மடித்து வைத்தார். "அப்புறம் பெவ், அன்னிக்குக் கேள்விகள் எப்படி?"

பெவ் கிளாஸைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொல்றேன். இந்த மைக்ல இவ்வளவு நல்ல கேள்வி வந்ததே இல்ல. பதில் தெரியாதவன்கூட சிரிச்சான். கிளிஃபர்ட் நதி, தலைநகர், போர் நடந்த வருஷம்னு போவாரு. அன்னிக்கு என்ன ஆச்சோ."

எனிட் என் பக்கம் திரும்பினார். "நெவ், மணிக்கூண்டு ஏறி எண்ணிட்டு வா."

"பேசில் முட்டிதான் சாட்சி சொல்லிடுச்சே!"

"முட்டியைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது. ஓடு."

ஏறினேன். நூற்றுப் பதினாலு. இறங்கும்போது எண்ணவில்லை, எண்ணும் நிலையில் நான் இல்லை.

* * *

கிளெனிஸ் வீட்டு ஜன்னலை மாதம் இரண்டு தடவை துடைக்கிறேன். உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. மாடியிலிருந்து ரான் தன் காலைப் பற்றி முனகும் சத்தம் கேட்டது. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நான் அந்த ஸ்டூலைத் தொடலை, எனிட். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

"மூணு மணிக்கு உனக்கு ஆயுள் தடை போடப் போறாங்க, கண்ணு."

"போடட்டும்." அவள் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். "தடை பரவாயில்ல. நேத்து சாப்பாட்டு வரிசையில ஒரு பொண்ணு தட்டை நீட்டிக்கிட்டே கேக்குறா, 'மிஸ், நீங்க திருடினீங்களாமே?' அவ தட்டுல வைக்க வேண்டிய உருளைக்கிழங்கை மேசையில வெச்சிட்டேன். இந்த ஊர்ல நான் வேற எதுவாவும் இல்ல எனிட். சாப்பாடு போடுறவ, குவிஸ்ல கடைசியில வர்றவ. ரெண்டுமே நேர்மையா இருந்தேன்."

"நேர்மையா ஜெயிச்சியா?"

விரிப்பை இன்னும் நாலு தடவை சுருட்டிப் பிரித்தாள். "தெரியலை," என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்பவர்கள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"மணிக்கூண்டு ஏறியிருக்கியா?"

"வருஷா வருஷம். ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு."

எனிட் சும்மா தலையாட்டினார். கிளெனிஸ் எழுந்து, வந்தவர்களுக்குக் கொடுக்கும் பழக்கத்தில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எங்கள் முன் நகர்த்தினாள். நிறைய டாஃபி. அதில் முக்கால்வாசி கறுப்பு டாஃபி.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அந்தக் கறுப்பு அதிமதுர டாஃபியை ஸ்கெல்பெக்கில் வாங்குபவன் நான் ஒருத்தன்தான். கடைக்காரர் எனக்காகவே தருவிக்கிறார். வேறு யாரும் அதை வாயில் வைக்க மாட்டார்கள்.

வாசலுக்கு வந்ததும் எனிட் என் காதைப் பிடித்தார். "முகம் வெளுத்துப் போச்சு. கக்கு."

"அது ரகசியம், பாஸ். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எந்தச் சத்தியத்தை நீ காப்பாத்தியிருக்கே?"

கக்கினேன். மில் லேன் லாண்டரியில், மூன்றாவது உலர்த்தி மிஷின் மேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் நாய் படம். துணி சுழலும் நேரத்தில் பொழுது போக, கேள்வி அட்டை எழுதி அதில் போடுவோம். யாரோ எழுதியதை எடுத்துப் போய் வீட்டில் விளையாடுவோம். யார் யார் இதில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் போடக்கூடாது. எடுத்தால் அதே எண்ணிக்கை திருப்பிப் போட வேண்டும். டின் கேள்வி எந்தக் காலத்திலும் மைக்குக்குப் போகக்கூடாது. எல்லாம் சும்மா ஜாலிக்கு.

"டாஃபி எதுக்கு?"

"அதுதான் விளையாட்டே. ஒவ்வொரு கட்டுலயும் ஒரே ஒரு அட்டையில பதில் பொய்யா இருக்கும். மத்ததெல்லாம் நிஜம். பொய்யைக் கண்டுபிடிக்கணும். ஏமாந்தா டின்ல ஒரு டாஃபி போடணும், கட்டை எழுதினவங்க எடுத்துப்பாங்க. ஒரு ஆள் இருக்கான் பாஸ், உருண்டை உருண்டையா எழுதுவான். ரெண்டு வருஷமா என்னை ஏமாத்துறான்."

"இப்ப அந்த 'ஆள்' யாருன்னு தெரிஞ்சுதா?"

"என் டாஃபியைக் கிண்ணத்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. காலையில அவ எழுத்தைப் பார்த்தும் எனக்கு உறைக்கலை."

எனிட் சிரித்தார். அபூர்வமாகத்தான் சிரிப்பார், அதுவும் டிக்கெட் இல்லாதவன் கழிப்பறைக்குள் ஒளிந்திருப்பது தெரிந்த மாதிரி. மணி பார்த்தார். பன்னிரண்டு பத்து.

"உன் வண்டியில வெள்ளை அட்டை இருக்கா?"

"விசிட்டிங் கார்டு இருக்கு. பின்பக்கம் வெள்ளை."

என் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுதினார். என்னை எட்டிப் பார்க்க விடவில்லை. என் பெயர் அச்சடித்த பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு, என் கையில் ஒரு தடித்த கட்டைத் திணித்தார்.

"ஒரு மணிக்கு முன்னாடி டின்ல வை. மேலாக்கத் தெரியுற மாதிரி வை. திரும்பிப் பார்க்காம வா."

"யாருக்குத் தூண்டில், பாஸ்?"

"கடிக்கிறவங்களுக்கு."

* * *

மூணு மணிக்குப் பப்பில் நிற்க இடமில்லை. எட்டு டீமின் கேப்டன்கள், அவர்களுக்குத் துணையாக முழு டீமும், ஒன்றும் இல்லாதவர்கள் வேடிக்கைக்கு. கிளெனிஸ் கதவோரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். போகத் தயாராக வந்தவள்.

கிளிஃபர்ட் பியானோ பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். பேசில் மேசையைத் தட்டினான்.

"ஓட்டுப் போடுவோம்! ஆயுள் தடை!"

"இரு," என்றார் எனிட். "சாட்சி ஒண்ணு வர வேண்டியிருக்கு. அதுவரைக்கும் சும்மா ஏன் உக்காந்திருக்கணும்? கிளிஃபர்ட், மைக் இருக்கு, ஜனம் இருக்கு. ஜாலிக்கு நாலு கேள்வி கேளேன்."

கூட்டம் கைதட்டியது. இந்த ஊர்க்காரர்களைத் தூக்குமேடைக்குக் கூட்டிப்போனாலும் வழியில் குவிஸ் என்றால் நின்றுவிடுவார்கள்.

கிளிஃபர்ட் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பேசிய மனிதர், மைக்கை வைத்துக்கொண்டு முழித்தார். பிறகு கை தானாகக் கோட்டின் உள்பைக்குப் போனது. எனிட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தது ஒரு தடித்த கட்டு. ரப்பர் பேண்டு.

"ம்... முதல் கேள்வி," குரல் பழைய கம்பீரத்துக்குத் திரும்பியது. "வாழைப்பழம், தக்காளி, ஸ்ட்ராபெரி. இந்த மூணுல தாவரவியல்படி பெர்ரி இல்லாதது எது?"

"ஸ்ட்ராபெரி!" என்று பாதிக் கூட்டமும், "போடா!" என்று மீதிக் கூட்டமும் கத்தியது.

"ஸ்ட்ராபெரிதான். ரெண்டாவது. பனிக்கரடியோட தோல் என்ன நிறம்?"

"கறுப்பு!"

"சபாஷ். மூணாவது கேள்வி. இந்த அட்டைக் கட்டு மில் லேன் லாண்டரியில, மூணாவது உலர்த்தி மேல, பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்தது. இப்போ அது யாரோட கை..."

நின்றார்.

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பெவ் கவுண்டருக்கு மேலாக எட்டி, அட்டையைத் தன் பக்கம் திருப்பி, பதிலைச் சத்தமாக வாசித்தாள்.

"'வாசிப்பவர் கையில்.'"

"டிக்கெட் ப்ளீஸ், கிளிஃபர்ட்," என்றார் எனிட்.

ஒரு நிமிஷம் கூச்சல் அடங்கவில்லை. எனிட் எழுந்து பியானோ அருகே போனார்.

"பூட்டு அப்படியே இருந்துது. ஆக, அட்டை ஸ்டூல்ல இருந்து திருட்டுப் போகலை. ஸ்டூலுக்குள்ள வந்ததே திருட்டு. தாள்ல நூத்திப் பதினாலை அடிச்சு நூத்திப் பதினேழு எழுதியிருந்துது. பதிலைத் திருடிட்டு வந்தவ நேரா நூத்திப் பதினேழுதான் எழுதியிருப்பா. இவளுக்கு நிஜமும் தெரிஞ்சிருக்கு, பொய்யும் தெரிஞ்சிருக்கு. ரெண்டும் தெரிஞ்ச ஆள் யாரு? அந்தப் பொய்யை எழுதின ஆள். டின்ல போற ஒவ்வொரு கட்டுலயும் ஒரு பொய் இருக்கும். அதுல விளையாடுற எல்லாருக்கும் அது தெரியும். அது தெரியாம அப்படியே மைக்குல வாசிச்சவர், டின் பக்கம் புதுசா வந்தவர். மூணு வாரமா வாஷிங் மிஷின் இல்லாதவர்."

"அந்தச் செவ்வாய் நாற்பது கேள்வியும்..." பேசில் இழுத்தான்.

"கிளெனிஸ் எழுதினது. நீங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சது."

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. கிளெனிஸ் கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"முதல் கேள்வியிலேயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும்," என்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். பக்கத்து மேசையில சிரிச்சாங்க. என் கேள்விக்கு. அது ரொம்ப நல்லா இருந்துது. அடுத்ததுக்கும் சிரிக்கிறாங்களான்னு பார்த்தேன். அப்புறம் ஒன்பதாவது வந்துது. என் பொய். கிளிஃபர்ட் கண்டுபிடிச்சு மாத்தியிருப்பாரோன்னு நூத்திப் பதினாலு எழுதினேன். முகத்தைப் பார்த்தேன். மாத்தலைன்னு தெரிஞ்சுது. விஷமம் வந்துடுச்சு. அடிச்சு எழுதிட்டேன்."

"இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கலை?" என்று கேட்டாள் பெவ்.

"திறந்தா இவரை மைக்கை விட்டு இறக்கிடுவீங்க. இவருக்கு வேற என்ன இருக்கு?"

கிளிஃபர்ட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மைக் இன்னும் கையில் இருந்ததால் அவர் முணுமுணுத்தது அறை முழுக்கக் கேட்டது.

"வறண்டு போச்சு. வாரம் நாற்பது, இருபத்திரண்டு வருஷம். இந்த மாசம் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன், ஒண்ணும் வரலை. அந்தக் கட்டை எடுத்துப் படிச்சப்ப பொறாமையா இருந்துது. யாரோ பெரிய புரொஃபசர் எழுதினதுன்னு நினைச்சேன். நீயா இருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல, கிளெனிஸ். அதுக்கே என்னை மன்னிக்கணும்."

எனக்குக் கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்த மனிதரைப் பார்க்க நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

"இதெல்லாம் சரி," பேசில் விடவில்லை, "கோப்பை யாருக்கு?"

"அவளுக்குத்தான்," என்றாள் பெவ், சுவரைக் காட்டி. "குவிஸ் மாஸ்டர் சொன்னதே முடிவு."

"வேண்டாம்," என்றாள் கிளெனிஸ். "படி நூத்திப் பதினாலு. எனக்கு ஒண்ணைக் குறை. பேசிலுக்கு ஒண்ணைக் கூட்டு."

"அப்போ முப்பத்தொன்பது, நாற்பது! நாங்க ஜெயிச்சோம்!" பேசில் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

"இறங்கு," என்றார் எனிட். "அவ எழுதின கேள்விக்கு அவளே பதில் சொன்னா அது கணக்குல சேராது. வேற டீம் எழுதின கேள்விக்கு நீ எடுத்த மார்க்கும் சேராது. அந்தச் செவ்வாய் முழுசும் ரத்து. ஒரே ஒரு கேள்வி. யார் சொல்ற எண்ணிக்கை சரியான விடைக்குக் கிட்ட வருதோ அவங்களுக்குக் கோப்பை. கேக்குறது கிளெனிஸ். 'மூளைக்கு லீவு' டீம்ல பேனா பிடிக்கிறது..." சுற்றிப் பார்த்தார். "கிளிஃபர்ட்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேசில் உடனே ஒத்துக்கொண்டான். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆள் எதிரணியில் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? கிளிஃபர்ட் காதோரமெல்லாம் சிவந்து அந்த மேசையில் போய் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பப்பில் அவர் ஒரு பதில்கூட எழுதியதில்லை.

கிளெனிஸ் மைக்கை வாங்கினாள். கோட்டைக் கழற்றிப் பியானோ மேல் போட்டாள்.

"கேள்வி," என்றாள். "பதினோரு வருஷத்துல 'மூளைக்கு லீவு' டீம் மொத்தம் எத்தனை தடவை கடைசியில வந்திருக்கு?"

பேசிலின் பேனா நின்றது. "இது... இது யாருக்குத் தெரியும்?"

"ஒவ்வொரு செவ்வாயும் நீயும் இங்கதான் இருந்தே," என்றார் எனிட். "ஒவ்வொரு தடவையும் சிரிச்சே. எண்ணலையா?"

பேசில் தன் டீமோடு தலையை முட்டிக்கொண்டு 'முன்னூறு' என்று எழுதினான். கிளிஃபர்ட் யோசிக்கவே இல்லை. எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

பெவ் கவுண்டருக்கு அடியிலிருந்து முடிவு நோட்டுகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நான்தான் கூட எண்ணினேன். கால்மணி நேரம் ஆனது. ஒருத்தர்கூட பியர் கேட்கவில்லை.

"ஐநூத்தி நாற்பத்தெட்டு," என்றாள் பெவ்.

கிளெனிஸ் தாளைத் திருப்பினாள். கிளிஃபர்டின் கையெழுத்தில், அழுத்தமாக: 548.

"எப்படி?" என்றாள் மைக்கிலேயே.

"ஒவ்வொண்ணையும் நான்தானே வாசிச்சேன்," என்றார் கிளிஃபர்ட். "வாசிக்கிறப்பெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். அடுத்த வாரமும் வருவியான்னு. வந்துக்கிட்டே இருந்தே. என்னாலதான் எண்ணாம இருக்க முடியலை."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அது பேசில் என்று பிறகு அவனே பல இடங்களில் சொல்லிக்கொண்டான். நான் பார்த்தவரை அவன் தட்டியது நாலாவதாகத்தான்.

கிளிஃபர்ட் எழுந்து என் பக்கம் வந்து, காதோடு ஏதோ கேட்டார். நான் சட்டைப் பையில் துழாவி ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்ப் பியானோ மேல், அவளுடைய கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்பு டாஃபி.

"நூத்திப் பதினேழாவது படிக்கு," என்றார். "ஏமாந்துட்டேன்."

கிளெனிஸ் அதைப் பிரித்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, மைக்கைத் தட்டினாள். "செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு. எல்லாரும் பேனா கொண்டு வாங்க. ரான் மட்டும் கொண்டு வர வேண்டாம்."